கண்ணுல கோளாறா, கலர்ல கோளாறா? - கம்ப்யூட்டர் ஸ்க்ரீனில் எழுத்து மங்கலா தெரிஞ்சா முதல்ல இதைப் பாருங்க!

"கண்ணு போச்சும்மா. இனிமே பில் போட ஒரு பையனை வெச்சுக்க வேண்டியதுதான்."

போன பொங்கல் லீவுக்குத் திண்டுக்கல் போனப்போ சித்தப்பா என்கிட்ட இப்படிச் சொன்னார். 28 வருஷமா மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கிறவர். மருந்துச் சீட்டுல இருக்கிற கிறுக்கலைப் பார்த்தே இது எந்த டாக்டர் எழுதினதுன்னு சொல்லிடுவார். அந்த மனுஷன்தான் ரெண்டு மாசமா கம்ப்யூட்டர் முன்னாடி நிக்கவே பயந்துட்டு இருந்தார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு அம்மா தைராய்டு மாத்திரை கேட்டு வந்திருக்காங்க. சீட்டுல இருந்தது 12.5 மைக்ரோகிராம். பில்லிங் சாஃப்ட்வேர்ல சித்தப்பா தேர்ந்தெடுத்தது 125 மைக்ரோகிராம். தைராய்டு மாத்திரையில இந்த ரெண்டு அளவும் உண்டு. லிஸ்ட்ல அடுத்தடுத்து நிக்கும். நடுவுல ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனா உடம்புக்குள்ள போனா பத்து மடங்கு. ரேக்குல மாத்திரை எடுக்கப் போன கடைப் பையன் சீட்டையும் பில்லையும் சேர்த்துப் பார்த்ததால தப்பிச்சது. அன்னிக்கு ராத்திரி சித்தப்பா சாப்பிடலையாம்.

அடுத்த நாளே கண் டாக்டர்கிட்ட போயிருக்கார். போன வருஷம் இருந்த அதே பவர், மாற்றமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. நம்பாம இன்னொரு இடத்துலயும் பார்த்திருக்கார். அங்கேயும் அதே பதில். "டாக்டருக்கே தெரியாத ஏதோ வந்திருக்கு" என்பது சித்தப்பாவோட முடிவு.

நான் கடைக்குப் போய் அந்த ஸ்க்ரீனைப் பார்த்தேன். எனக்கு வயசு 28. கண்ணாடி கிடையாது. எனக்கே அந்தப் புள்ளி தெரியல!

சாஃப்ட்வேருக்கு சமீபத்துல ஒரு அப்டேட் வந்திருக்கு. முன்னாடி வெள்ளை மேல கறுப்பு எழுத்தா இருந்த லிஸ்ட், இப்போ இளஞ்சாம்பல் பின்னணி மேல சாம்பல் எழுத்தா மாறியிருந்தது. கர்சர் நிக்கிற வரி மட்டும் வான நீலம். அதுக்கு மேல வெள்ளை எழுத்து. பார்க்க 'மாடர்னா', அழகா இருந்தது. படிக்கத்தான் முடியல.

நம்ம வீட்டுல எல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர்னா கூப்பிடுறது உங்களைத்தானே? அப்போ இந்தக் கதை உங்களுக்கும் தேவைப்படும். ஏன்னா, ஸ்க்ரீன்ல ஏதாவது தெரியலைன்னா பெரியவங்க முதல்ல சந்தேகப்படுறது தங்களோட கண்ணைத்தான். ஸ்க்ரீனைச் சந்தேகப்படுறதே இல்ல.

கான்ட்ராஸ்ட்டுக்கு ஒரு நம்பர் இருக்கு

'கலர் நல்லா இல்ல'ன்னு சொன்னா அது ரசனை, ஆளாளுக்கு மாறும். ஆனா 'எழுத்துக்கும் பின்னணிக்கும் போதுமான வித்தியாசம் இல்ல'ன்னு சொன்னா அதை அளந்து காட்ட முடியும். இணையத்துக்கான விதிகளை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு, 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இதுக்கு ஒரு கணக்கு சொல்லியிருக்கு. வெப்சைட்டுக்காக எழுதினதுதான் என்றாலும், கம்ப்யூட்டர்ல ஓடுற சாஃப்ட்வேருக்கும் இன்னிக்கு இதே கணக்கைத்தான் உபயோகிக்கிறாங்க.

கணக்கு சிம்பிள். ரெண்டு நிறத்துல எது அதிகமா ஒளிருதோ, அதோட ஒளி அளவை மற்றதோட ஒளி அளவால வகுக்கணும். ரெண்டும் ஒரே நிறம்னா விடை 1. சுத்தமான வெள்ளையும் சுத்தமான கறுப்பும்னா 21. உலகத்துல இருக்கிற எல்லா ஸ்க்ரீன் கலர் ஜோடியும் இந்த 1-க்கும் 21-க்கும் நடுவுலதான் வரும். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைஞ்சது 4.5 இருக்கணும். பெரிய எழுத்துன்னா, அதாவது 18 பாயின்ட்டோ, போல்டா இருந்தா 14 பாயின்ட்டோ இருந்தா, 3 போதும். இன்னும் கறாரான தரம் வேணும்னா 7.

இந்த 4.5 எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் பார்த்தேன். நல்ல பார்வை உள்ளவங்களுக்குக் குறைஞ்சபட்சம் 3 வேணும்னு பழைய தர விதிகள் சொல்லுது. பார்வை கொஞ்சம் குறைஞ்சு, கண் டாக்டர் பாஷையில 6/12 இருக்கிறவங்களுக்குக் கான்ட்ராஸ்ட்டும் சுமார் ஒன்றரை மடங்கு கூடுதலா தேவைப்படும். மூணு இன்ட்டு ஒன்றரை, நாலரை. 7 என்பது 6/24 பார்வை உள்ளவங்களை நினைச்சு வெச்சது. ஆக, அந்த எண்ணுக்குப் பின்னாடியே பார்வை மங்கின ஒரு மனுஷர் உட்கார்ந்திருக்கார்.

சித்தப்பா கடை ஸ்க்ரீனை அளந்தேன். சாம்பல் எழுத்துக்கு 2.5 வந்தது. கர்சர் நிக்கிற வான நீல வரியில, அதாவது எந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கிறோம்னு கண்டிப்பா தெரிய வேண்டிய அந்த ஒரே வரியில, 1.7!

எழுத்து மேல பழி, தப்பு பின்னணியில

இந்த வான நீல விஷயத்துல ஒரு வேடிக்கை இருக்கு. அதே நீலம், அதே ஷேடு. மேல இருக்கிற வெள்ளை எழுத்தைக் கறுப்பா மாத்தினா 1.7 இருந்த இடத்துல 12 வருது. நீலம்னா 'அடர்த்தியான கலர்', அது மேல வெள்ளைதான் எடுப்பா இருக்கும்னு நம்ம மனசு ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கு. ஆனா வான நீலம் கண்ணுக்கு ரொம்ப வெளிச்சமான நிறம். வெள்ளைக்கு அது கிட்டத்தட்டப் பக்கத்து வீடு.

நம்ம கண்ணு எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி வெளிச்சமா பார்க்கிறதில்ல. ஸ்க்ரீன்ல ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு விளக்கு. மூணும் முழுசா எரிஞ்சா வெள்ளை. அந்த வெள்ளையோட ஒளியில பச்சையோட பங்கு சுமார் 71.5 சதவிகிதம், சிவப்பு 21 சதவிகிதம், நீலம் வெறும் 7 சதவிகிதம். அதனாலதான் பளிச்சுன்னு இருக்கிற மஞ்சளை (சிவப்பும் பச்சையும் சேர்ந்தது) வெள்ளை மேல வெச்சா 1.07, இல்லாத மாதிரியே. சுத்த நீலத்தை வெள்ளை மேல வெச்சா 8.6, அருமை. அதே சுத்த நீலத்தைக் கறுப்பு மேல வெச்சா 2.4, மோசம்.

இன்னொண்ணு, கரும்பச்சைப் பின்னணியில சுத்த சிவப்பு எழுத்து. நிறம் பார்த்தா ரெண்டும் எதிரும் புதிருமா இருக்கும். அளந்தா 1.28தான். எழுத்து கண்ணுல நிக்காம அதிரும். 'ரெண்டும் வேற வேற கலர்தானே, தெரியாதா?' என்பதுதான் நிறைய பேர் செய்யிற தப்பு. படிக்கிறதுக்கு முக்கியம் கலர் வித்தியாசம் இல்ல, வெளிச்ச வித்தியாசம். அதுலயும் சிவப்பு-பச்சை பிரிச்சுப் பார்க்க முடியாதவங்க இருக்காங்க. ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல சுமார் 12 பேருக்கு ஒருத்தருக்கு நிறக்குறைபாடு இருக்கு. 'ஸ்டாக் தீர்ந்தா சிவப்பு, இருந்தா பச்சை'ன்னு வெறும் கலரை மட்டும் நம்பி ஒரு சாஃப்ட்வேர் பண்ணினா அவங்க கதி என்ன?

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி, ஸ்க்ரீனைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கிறது. விண்டோஸ்ல அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்குள்ள 'கலர் ஃபில்டர்ஸ்' போய் 'கிரேஸ்கேல்' போடுங்க. கறுப்பு வெள்ளையில படிக்க முடியாத எழுத்து, கலர்லயும் கஷ்டப்படுத்துற எழுத்துதான்.

ஏசி ரூமும் மெடிக்கல் ஷாப்பும்

சரி, இதை எல்லாம் தெரிஞ்சுதானே டிசைன் பண்ணியிருப்பாங்க? தெரிஞ்சிருக்கும். ஆனா டிசைன் பண்ற இடம் வேற, உபயோகிக்கிற இடம் வேற. விலை உயர்ந்த மானிட்டர், ஜன்னல்ல திரை, 25 வயசுக் கண்ணு. அங்கே 2.5 கூட 'மென்மையா, நீட்டா' தெரியும். சித்தப்பா கடையில தலைக்கு மேல ரெண்டு ட்யூப் லைட், எதிர்ல தெரு வெயில், பழைய மானிட்டர்.

வெளி வெளிச்சம் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ட்யூப் லைட் ஒளி ஸ்க்ரீன் மேல பட்டு உங்க கண்ணுக்குத் திரும்பும்போது எழுத்து மேலயும் பின்னணி மேலயும் ஒரே அளவு வெளிச்சம் கூடுது. வெள்ளைக்கு அது பெரிசா தெரியாது. கறுப்போ சாம்பலாயிடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற விகிதம் சுருங்கிடும். வெயில்ல நின்னு போன் பார்க்கும்போது கையால மறைச்சுக்கிறோமே, அதே சமாசாரம். டபிள்யூ3சி கணக்குலயே ரெண்டு பக்கமும் 0.05னு ஒரு சின்ன எண்ணைக் கூட்டிக்கிறாங்க. அது சாதாரண அறை வெளிச்சத்துக்கான தள்ளுபடி. திறந்த கடைக்கு அந்தத் தள்ளுபடி எந்த மூலைக்கு?

மானிட்டர் கோணமும் ஒரு வில்லன். விலை குறைஞ்ச பழைய எல்.சி.டி. மானிட்டர்கள்ல பெரும்பாலும் 'டி.என்.' பேனல் இருக்கும். நேரா பார்த்தா சரியா இருக்கும். மேல இருந்து பார்த்தா வெளுத்துடும். சித்தப்பாவோட மானிட்டர் தாழ்வான மேஜையில. அவர் நின்னுட்டேதான் பில் போடுவார். பத்து வருஷமா அப்படித்தான். பழைய கறுப்பு-வெள்ளை ஸ்க்ரீன்ல கான்ட்ராஸ்ட் ஏராளமா இருந்ததால இத்தனை நஷ்டத்தையும் தாங்கிச்சு. புது ஸ்க்ரீன்ல தாங்க ஒண்ணும் மிச்சம் இல்ல.

அதோட வயசு. 20 வயசுல விழித்திரைக்குப் போற வெளிச்சத்துல சுமார் மூணுல ஒரு பங்குதான் 60 வயசுல போகும்னு சொல்வாங்க. கண்மணி சின்னதாகுது, லென்ஸ் மஞ்சளாகுது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, கண் டாக்டர்கிட்ட நாம வழக்கமா படிக்கிற சார்ட், வெள்ளை மேல கறுப்பு எழுத்து. அதாவது கான்ட்ராஸ்ட் உச்சத்துல இருக்கிறது. 'எவ்வளவு சின்ன எழுத்து வரைக்கும் தெரியுது'ங்கிறதைத்தான் அது சோதிக்கும். 'எவ்வளவு மங்கலான எழுத்து வரைக்கும் தெரியுது' என்பது வேற டெஸ்ட். அதுக்கு 1988-ல் வந்த 'பெல்லி-ராப்சன்' சார்ட்னு ஒண்ணு இருக்கு. அதுல எழுத்தெல்லாம் ஒரே சைஸ். கீழே போகப் போக நிறம் மட்டும் கரைஞ்சுட்டே போகும். சித்தப்பாவுக்கு பவர் சரியா இருந்தும் ஸ்க்ரீன் தெரியாம போனதுக்கு இதுதான் விளக்கம். (இதைப் படிச்சுட்டு கண் டாக்டரைத் தவிர்த்துடாதீங்க. கேட்டராக்ட் ஆரம்பத்துலயும் இதே மாதிரி மங்கல் வரும். எல்லா ஸ்க்ரீனும், பேப்பரும் சேர்ந்து மங்கினா முதல்ல டாக்டர்தான்.)

தமிழுக்குப் புள்ளி ஒரு பிரச்னை

தசமப் புள்ளி மறைஞ்சதைப் பத்தி யோசிச்சுட்டு இருந்தப்போ எனக்கு நம்ம எழுத்து ஞாபகம் வந்தது. தமிழ்ல மெய்யெழுத்தை மெய்யெழுத்தாக்குறதே மேல வைக்கிற அந்தப் புள்ளிதான். மங்கலான பின்னணியில மெல்லிசான ஃபான்ட்ல முதல்ல காணாம போறதும் அதுதான். 'பட்டம்', 'படம்' ரெண்டும் வேற. அதே மாதிரி 'கி'யும் 'கீ'யும். மேல இருக்கிற வளைவுல ஒரு சின்னச் சுழி, அவ்வளவுதான் வித்தியாசம். போனையோ கம்ப்யூட்டரையோ தமிழ்ல வெச்சிருக்கிறவங்களுக்கு, என் அனுபவத்துல, 4.5 என்பதே கஞ்சத்தனம். 7-க்கு மேல போனாத்தான் நிம்மதியா படிக்க முடியுது. இது என் கருத்துதான், விதி இல்ல. உங்க அப்பா அம்மா போன்ல தமிழ் மெனு வெச்சுப் பாருங்க, என்ன சொல்றேன்னு புரியும்.

கடையில நாங்க பண்ணினது

முதல் வேலையா காசே செலவாகாத ஒண்ணு. மானிட்டரைக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சு, நின்னு பார்க்கிற கண்ணுக்கு நேரா கொண்டுவந்தோம். அடியில நாலு மருந்து கேட்லாக் புக். "அட!" என்றார் சித்தப்பா. பாதி வெளுப்பு அதுலயே போச்சு.

ரெண்டாவதா, விண்டோஸோட 'கான்ட்ராஸ்ட் தீம்'. கீபோர்டுல இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், பிரின்ட் ஸ்க்ரீன் மூணையும் ஒண்ணா அழுத்தினா 'ஆன் பண்ணட்டுமா'ன்னு கேட்கும். விண்டோஸ் 95 காலத்துல இருந்தே இந்த வசதி இருக்கு. பேர் மட்டும் ஹை கான்ட்ராஸ்ட்னு இருந்து விண்டோஸ் 11-ல மாறியிருக்கு. அக்வாட்டிக், டெசர்ட், டஸ்க், நைட் ஸ்கைன்னு நாலு தீம். நான் கெத்தா நைட் ஸ்கை போட்டேன். டெஸ்க்டாப், மெனு எல்லாம் கறுப்பு மேல வெள்ளையா பளிச்சுன்னு மாறிச்சு. பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்தா... மருந்து லிஸ்ட்டே காணோம். முழுக்க வெள்ளை. "இருந்ததையும் போக்கிட்டியேம்மா!"

இது ஏன் நடந்ததுன்னு கண்டுபிடிக்க அரை மணி நேரமாச்சு. ஒரு சாஃப்ட்வேர் எழுதும்போது எழுத்தோட நிறம், பின்னணியோட நிறம்னு ரெண்டு விஷயம் சொல்லணும். ரெண்டையும் 'கம்ப்யூட்டர்ல என்ன செட்டிங் இருக்கோ அதை எடுத்துக்கோ'ன்னு விடலாம். இல்ல ரெண்டையும் நாமளே நிர்ணயிக்கலாம். நாங்க தீம் மாத்தினப்போ அந்த லிஸ்ட்ல பின்னணி மட்டும் வெள்ளையிலேயே நின்னுபோச்சு. எழுத்து நிறம் விண்டோஸ்கிட்ட இருந்து வந்தது. நைட் ஸ்கையில எழுத்து வெள்ளை. வெள்ளை மேல வெள்ளை, கான்ட்ராஸ்ட் சரியா 1. ஒத்தைக் கால் செருப்பு வாங்கின மாதிரி. இது ரொம்பப் பழைய, ரொம்ப சகஜமான தப்பு. டபிள்யூ3சி வழிகாட்டியோட 'இப்படிச் செய்யாதீங்க' பட்டியல்லயே இது தனியா இருக்கு.

அடுத்து டெசர்ட் தீம். அது லேசான பின்னணி, கருமையான எழுத்து. லிஸ்ட் திரும்ப வந்துச்சு. ஆனா மேல இருந்த சின்னச் சின்ன ஐகான்ல பாதி மறைஞ்சுடுச்சு. சித்தப்பாவுக்குப் பழகின ஸ்க்ரீன் முழுசா மாறிப்போனதுல கோபம் வேற. அதே மூணு பட்டனை அழுத்தி பழைய நிலைக்கே வந்தோம்.

கடைசியில வழி அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே இருந்தது. ஆப்ஷன்ஸ், அதுக்குள்ள டிஸ்ப்ளே, அதுக்குள்ள இன்னொரு பக்கம், அங்கே வரியோட நிறத்தையும் எழுத்தோட நிறத்தையும் தனித்தனியா மாத்த இடம். அப்டேட் வந்தப்போ இதை யாருமே சொல்லல. கர்சர் வரிக்கு அடர் நேவி நீலம், மேல வெள்ளை எழுத்து வெச்சோம்: 16. மத்த வரிகளுக்கு எழுத்து சுத்தக் கறுப்பு. பின்னணி தூய வெள்ளையா வெச்சதும் "கூசுது" என்றார். அதனால லேசான சந்தன நிறம். அப்பவும் 19-க்கு மேல. கூசாம இருக்கணும்னா எழுத்தை மங்கலாக்கத் தேவையில்ல, பின்னணியைத் துளி இறக்கினாலே போதும். இந்த ஒண்ணை நிறைய டிசைனர்கள் தலைகீழா பண்றாங்கன்னு நினைக்கிறேன்.

இன்னொரு விஷயமும் அன்னிக்குத்தான் தெரிஞ்சது. புது ஸ்க்ரீன்ல 'சேவ்' பட்டன் சாம்பல் நிறம். சித்தப்பா ரெண்டு மாசமா அதைத் தொடவே இல்லையாம். ஒவ்வொரு பில்லுக்கும் வேற ஏதோ சுத்துவழியில போயிருக்கார். "அது அணைஞ்சு கிடக்குதேம்மா, அழுத்தினா வேலை செய்யாதுல்ல?" கம்ப்யூட்டர்ல சாம்பல்னா 'இப்போ இது வேலை செய்யாது'ன்னு அர்த்தம்னு நமக்குப் பல வருஷமா பழக்கினதே சாஃப்ட்வேர்கள்தான். உபயோகத்துல இல்லாத பட்டனுக்கு மட்டும் விதியிலேயே விலக்கு இருக்கு. அது மங்கலா இருக்கலாம். உபயோகத்துல இருக்கிறதையும் அதே சாம்பல்ல வெச்சா மனுஷன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

உங்க கம்ப்யூட்டர்ல எங்கே பார்க்கணும்?

விண்டோஸ் பட்டனோடு 'யு' எழுத்தை அழுத்துங்க. அக்சஸிபிலிட்டி பக்கம் நேரா திறக்கும். கான்ட்ராஸ்ட் தீம், கலர் ஃபில்டர், எழுத்து அளவு எல்லாம் இங்கேதான். 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' உள்ளே போய் 'டிரான்ஸ்பரன்ஸி'யை ஆஃப் பண்ணிடுங்க. கண்ணாடி மாதிரி பின்னாடி இருக்கிறது தெரியிற பின்னணிக்கு நிலையான நிறமே கிடையாது. பின்னாடி என்ன படம் இருக்கோ அதைப் பொறுத்து கான்ட்ராஸ்ட் மாறிட்டே இருக்கும். ஆப்பிள் 2025-ல் கொண்டுவந்த 'லிக்விட் கிளாஸ்' டிசைனுக்கு எழுந்த முக்கியமான புகாரே இதுதான். 26.1 அப்டேட்ல பின்னணியை அடர்த்தியாக்க 'டின்டட்'னு ஒரு ஆப்ஷன் கொடுத்தாங்க. மேக்ல அக்சஸிபிலிட்டி உள்ளே 'டிஸ்ப்ளே' போனா 'இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட்', 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்ஸி'ன்னு ரெண்டு இருக்கும்.

ஆபீஸ்ல எக்ஸெல் ஷீட்டுக்குக் கலர் அடிச்சு அனுப்புறவரா நீங்க? 'ரிவ்யூ' உள்ளே 'செக் அக்சஸிபிலிட்டி' அழுத்துங்க. எந்த செல்லுல எழுத்து படிக்க முடியாத நிறத்துல இருக்குன்னு அதுவே காட்டிக் கொடுக்கும். கோடிங் பண்றவங்க வி.எஸ்.கோட்ல 'டார்க் ஹை கான்ட்ராஸ்ட்', 'லைட் ஹை கான்ட்ராஸ்ட்' தீமைப் பார்த்திருக்கலாம். பார்க்காத ஒண்ணு: அதோட டெர்மினல்ல எழுத்தோட கான்ட்ராஸ்ட் 4.5-க்குக் கீழ போனா, அதுவே நிறத்தைச் சரிபண்ணிக்கும். அது தானா ஆன்ல இருக்கிற செட்டிங்.

'டார்க் மோடு போட்டா சரியாகிடாதா?' - நான் இதை எழுதுறேன்னு சொன்னதும் ஆபீஸ்ல எல்லாரும் கேட்டது இதைத்தான். ஆகும்னு சொல்ல முடியாது. டார்க் மோடு பின்னணியை மாத்துது, அவ்வளவுதான். கறுப்பு மேல அடர் சாம்பல் எழுத்து வெச்சா அதுவும் 2.5 வரலாம். வெளிச்சமான பின்னணியில கண்மணி சுருங்கும், எழுத்து கூர்மையா தெரியும். இருட்டுப் பின்னணியில விரியும். அஸ்டிக்மாட்டிசம் இருக்கிறவங்க பலருக்கு கறுப்பு மேல இருக்கிற வெள்ளை எழுத்து ஓரத்துல பரவின மாதிரி தெரியும். ராத்திரி படுத்துக்கிட்டே போன் பார்க்க டார்க் மோடு சுகம்தான். பகல்ல, திறந்த கடையில, கணக்கு எழுத அது சரிப்படாது. கூகுள் முன்னாடி தன்னோட மெட்டீரியல் டிசைன்ல டார்க் தீமுக்குச் சுத்தக் கறுப்பைச் சொல்லாம, 121212 என்கிற கருஞ்சாம்பலைச் சொல்லியிருந்தது. அது மேல வெள்ளை வெச்சாலும் 18-க்கு மேல வரும்.

ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு டிகிண்டர்லயோ ஜாவாலயோ ஒரு அப்ளிகேஷன் பண்றீங்கன்னா, பின்னணி நிறம் கொடுக்கும்போதே எழுத்து நிறமும் கொடுத்துடுங்க. ஒண்ணை மட்டும் கொடுக்காதீங்க. வெள்ளை மேல சாம்பல் எழுத்து வேணும்னு ஆசைப்பட்டா, 767676 வரைக்கும் போகலாம்; அதுதான் 4.5-ஐத் தொடுற எல்லைக்கோடு. 777777 போனாலே 4.48, ஃபெயில். ஊர்ல எல்லாரும் உபயோகிக்கிற 999999 சாம்பல் 2.85தான். 333333 வெச்சா 12-க்கு மேல. பார்க்கவும் மென்மையாத்தான் இருக்கும்.

அளக்கிறதுக்கு 'கலர் கான்ட்ராஸ்ட் அனலைசர்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. விண்டோஸ், மேக் ரெண்டுக்கும் கிடைக்கும். அதுல ஒரு மருந்துச் சொட்டுக் குழாய் மாதிரி ஐகான். அதை எழுத்து மேல ஒரு தடவை, பின்னணி மேல ஒரு தடவை வெச்சா நம்பர் வந்துடும். வெப்சைட்னு இல்ல, ஸ்க்ரீன்ல தெரியிற எதை வேணும்னாலும் அளக்கலாம். நான் கடையில உபயோகிச்சதும் இதுதான். இந்தக் கணக்குலயும் குறை உண்டு. குறிப்பா ரெண்டு நிறமும் இருட்டா இருந்தா, கண்ணுக்குத் தெரியிறதைவிட நல்ல மார்க் போட்டுடும். அதனால நம்பர் பாஸ் ஆனாலும் மானிட்டரை வெளிச்சத்துல வெச்சு ஒரு தடவை பார்த்துடுங்க. முடிஞ்சா வீட்டுல பெரியவங்க யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க.

இது பெரிய கம்பெனிகள்கூட சறுக்குற இடம். அமெரிக்காவுல வெப்எய்ம்னு ஒரு அமைப்பு வருஷா வருஷம் பத்து லட்சம் வெப்சைட்களோட முதல் பக்கத்தை ஆராயும். 2024-ல் அதுல 81 சதவிகிதப் பக்கங்கள்ல கான்ட்ராஸ்ட் குறைஞ்ச எழுத்து இருந்தது. அவங்க கண்டுபிடிச்ச தப்புகள்ல முதலிடம் இதுக்குத்தான். நம்ம நாட்டுல 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஜிட்டல் சேவைகளும் எல்லாருக்கும் அணுகக்கூடியதா இருக்கணும்னு சொல்லுது. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதியைப் பெறுறது அரசியல் சாசனத்தோட 21-வது பிரிவு தர்ற வாழ்வுரிமையில அடங்கும்னு சொல்லியிருக்கு. ஆக, 'கொஞ்சம் கலரை மாத்துங்க'ன்னு கேட்கிறது சலுகை கேட்கிறதா ஆகாது. அந்த பில்லிங் கம்பெனிக்கு ஸ்க்ரீன்ஷாட்டோட, 1.7 என்கிற நம்பரோட, 12.5-க்கும் 125-க்கும் நடந்ததையும் எழுதி ஒரு மெயில் போட்டோம். 'டெவலப்மென்ட் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்'னு ஒரு வரி பதில் வந்திருக்கு. அந்த மெயிலோட கையெழுத்துப் பகுதி வெளிர் சாம்பல்ல இருந்துச்சுங்கிறதை இங்கே பதிவு பண்ணிடுறேன்.

சித்தப்பா பையன் யாரையும் வேலைக்கு வைக்கல. கர்சர் வரி நேவி நீலத்துல நிக்குது, புள்ளி தெரியுது. ஆனா எனக்கு வேற தொல்லை ஆரம்பிச்சிருக்கு. பேங்க் ஆப், கரன்ட் பில் பக்கம், கல்யாணப் பத்திரிகை பி.டி.எஃப்னு எது மங்கலா இருந்தாலும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுறார். கீழே ஒரே கேள்வி: "இதுக்கு எவ்ளோ வருதுன்னு பாரும்மா."

நேத்து வந்தது ரோஸ் கலர் மேல தங்க நிற எழுத்துல ஒரு காதுகுத்துப் பத்திரிகை. மண்டபம் பேரை இன்னும் ரெண்டு பேரும் கண்டுபிடிக்கல.